ராஜாக்களை வரைந்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இந்த இதழின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது திருச்சியிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். "அப்பா மோசம் போயிட்டார் அண்ணா" என்றாள். இறந்துபோவதை அவர்கள் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் வரைந்து தரும் மாதப் படத்துக்காகப் பின்னட்டையில் இடம் விட்டு வைத்திருந்தேன்.

வாசகர்களுக்கு அவருடைய ராஜாக்களைத் தெரியும், அவரைத் தெரியாது. இலங்கையிலிருந்து வந்து, நம் கடற்கரை அகதி முகாம் ஒன்றில் வாழ்ந்தவர். பகலில் உச்சிப்புளி, புதுமடம் பக்கம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார். மாதம் ஒருமுறை எங்கள் ஆபீசுக்குப் படத்தோடு வருவார். படக்காரர் என்றுதான் அவரை அழைப்போம்.

அவர் கொண்டுவந்த முதல் படம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடலுக்கு இக்கரை ராஜாவும் அக்கரை ராஜாவும் முத்துக் குளிப்பது பற்றி உடன்படிக்கை செய்யத் தூதர்களை அனுப்பியிருக்கிறார்கள். நடுக்கடலில் இரண்டு தோணிகள். யாருடைய ராஜாவின் பட்டப்பெயர்களை முதலில் வாசிப்பது என்று தகராறு. அது தீர்வதற்குள் தூதர்களுக்கு முழங்கால்வரை தாடி வளர்ந்துவிட்டது. அவர்கள் காலடியில் ஒருவன் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறான். பிறகு வந்த படங்களிலும் அவன் இருந்தான்.

"இவன் எதுக்குண்ணே எல்லாப் படத்துலயும்?" என்று கேட்டேன்.

"ராசாக்கள் ஆறுதலாக் கதைக்கட்டும் தம்பி. தோணிக்குள்ள வாற தண்ணியை ஆரோ ஒராள் இறைக்கத்தானே வேணும்" என்றார். தான் வந்த தோணியைப் பற்றி அவர் பேசியதில்லை.

கமுதியிலிருந்து வந்த மிளகாய் விவசாயி ஒருவர் அந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு ஆபீசே அதிரச் சிரித்தார். "இதா ராஜா காலத்துக் கதை? எங்க ஊரு கோயில் கூட்டம்ல இது! யாருக்கு முதல் மாலைன்னு பொழுது சாயுற வரைக்கும் பேசுனாய்ங்கெ, பொங்கப்பானை அடிப்பிடிச்சுப்போச்சு. யாருப்பா வரஞ்சது?" நான் மூலையில் உட்கார்ந்திருந்த படக்காரரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பெயர் போடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடுதான் எங்களுக்கு வரைய ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த நிபந்தனையை நான் மீறினேன். ஆண்டு மலரில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். பார்த்தால் பூரித்துப்போவார் என்று நினைத்த என் மூளையை என்ன சொல்ல? மறுவாரம் போலீசில் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எந்த ராஜாவைக் கிண்டல் செய்கிறாய் என்று கேட்டார்களாம். "எல்லாரும் செத்துப்போன ராசாக்கள் ஐயா" என்றாராம். அவர்களும் சிரித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். ஆனால் விசாரணை முடிந்ததாகத் தாள் வரும்வரை முகாமைவிட்டு வெளியூர் போக அனுமதி கிடைக்கவில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம். பேரனுக்குக் கழுத்து நின்ற பிறகுதான் அவரால் திருச்சிக்குப் போய்ப் பார்க்க முடிந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனபோது ஒரு வீட்டு மதிலுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் கெட்டது நினைக்கேல்லை, அது எனக்குத் தெரியும் தம்பி. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். எங்களைக் கேக்காமலே எல்லாரும் எங்களுக்கு நல்லது செய்யினம்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த மாதப் படம் சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தது. அதை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் யாருடைய எழுத்தில் ஒரு வரியைத் தொடுவதானாலும் முதலில் அவர்களைக் கேட்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். அவர் செலவில் கற்றுக்கொண்டது. இந்தக் கட்டுரையை எழுதியதும் அவர் மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா பேரப் போடலாமாம்மா?"

அவள் சொன்னாள்: "இனி ஆர் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கப் போயினம்? போடுங்கோ அண்ணா. முழுப் பேரையும் போடுங்கோ."

எங்கள் படக்காரரின் பெயர் கதிரவேலு சிவஞானம்.