சித்தி தூக்கிப் போட்ட கேபிள்

என் சித்திக்குப் பழசு என்றால் ஆகாது. ஒரு பொருள் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அவளுக்குக் கை நமநமக்கும். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, ஒற்றைச் செருப்பு எல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வாரம் உயிரோடு இருந்தாலே பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இங்கே ஒட்டிக்கொண்ட என்னை மட்டும் இன்னும் தூக்கிப் போடவில்லை. காலையில் ரொட்டி வாங்கப் போக ஓர் ஆள் வேண்டுமே, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இது பிறவிக் குணமல்ல. கல்யாணத்துக்கு முன்பு சித்தி ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் மேசையில் நின்றவள். பெட்டி வரும், உள்ளே போக வேண்டியதை அடுக்கி, ஒட்டி அனுப்பவேண்டும். கடைசியில் மேசையில் ஒரே ஒரு திருகாணி மிஞ்சியிருந்தாலும் தொலைந்தது கதை. ஏதோ ஒரு பெட்டியில் அது இல்லை என்று அர்த்தம். ஒட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்துப் பார்க்கவேண்டும். அன்றிலிருந்து மிச்சம் இருந்தாலே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றும்.

அதே மேசையில் இன்னொன்றும் கற்றாள். எந்திர இரைச்சலில் மற்றவர்கள் வம்பு பேச முடியாமல் தவித்துக்கொண்டிருக்க, பக்கத்து மேசையில் காது கேளாத ஒரு சின்னப் பெண் மட்டும் தன் தோழியோடு கைகளாலேயே சூப்பர்வைசரைக் கிழித்துத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தியால் பொறுக்க முடியவில்லை. வம்புக்காக ஆரம்பித்த படிப்பு, பிறகு பரீட்சை எழுதுகிற அளவுக்குப் போய், இன்று அதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. சித்தி இப்போது சைகை மொழிபெயர்ப்பாளர். பின்கட்டு அறையில், சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால், லேப்டாப்பைப் பார்த்து நிற்பாள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியிலோ அலுவலகத்திலோ திரையில் அவள் தெரிவாள். டாக்டர் பேசினால் சித்தியின் கை பேசும். எதிரே கை பேசினால் சித்தியின் வாய் பேசும். கதவு சாத்தியிருக்கும். வெளியே வந்தபிறகு என்ன நடந்தது என்று கேட்டால், "மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடு" என்பாள். வம்பில் ஆரம்பித்தவள் இப்படி இறுகிப்போனதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

அந்தப் பக்கத்து மேசைப் பெண்தான் எங்கள் தெருமுனை பேக்கரி அக்கா. நான் ரொட்டி வாங்குவது அவளிடம்தான். அவளிடம் நான் கற்றுக்கொண்ட சைகைகளில் பாதியை இங்கே எழுத முடியாது.

போன வாரம் அக்கா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சட்டென்று நிறுத்தி, வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இடது கையைக் கதவு போல நிறுத்தி, அதன் பின்னால் வலது கை விரல்களை விரித்து விரித்து மூடினாள். எனக்கு விளங்கவில்லை. சுவரோரமாக நின்ற அடுப்பைக் காட்டினாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தையின் இதயத் துடிப்புக்கு அவளே வைத்துக்கொண்ட சைகை அது. முதல் ஸ்கேனில் விளக்கு தெரியவில்லையாம். சீக்கிரம் வந்துவிட்டீர்கள், திரும்ப வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டாராம். இரண்டாவது ஸ்கேன் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு. திரையில் சித்திதான் வரவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். வேறு ஆள் வந்தால் அடுப்பு எது, விளக்கு எது என்று அந்த நேரத்தில் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டு காயுமுன் சித்தியின் குரல் வந்தது.

"ஏய் வாலு! இங்க வா!"

வாலு நான்தான்.

லேப்டாப்பில் வைஃபை இல்லை. சிக்னல் குறைவு, பாஸ்வேர்டு தப்பு என்கிற ரகமெல்லாம் இல்லை. வைஃபை என்று ஒன்று உலகத்தில் இருந்ததாகவே அந்த மெஷினுக்கு நினைவில்லை.

"என்னடி பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல சித்தி."

"மவுஸுக்கு அடியில டேப் ஒட்டுனது யாரு?"

"அது போன மாசம்."

"வைஃபைக்கு 'நாய் கடிக்கும்'னு பேர் வச்சது?"

"அது பாதுகாப்புக்கு. சத்தியமா இது நான் இல்ல சித்தி!"

நான் உண்மை சொல்வது அபூர்வம் என்பதால் அதை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். "காலையில அப்டேட் போட்டேன்" என்றாள், குரலை இறக்கி.

அது பழைய லேப்டாப். கூட வந்த சிஸ்டம் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று சித்தியே லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டாள். அப்டேட் என்றால் அவளுக்கு விருந்து. புதுசு வரும், பழசைத் துடைத்துப் போடலாம், இதைவிட என்ன வேண்டும்? காலையில் வந்தது கெர்னல் அப்டேட். கெர்னல் என்பது சிஸ்டத்துக்கு அடித்தளம் மாதிரி. வழக்கமாகப் புதுக் கெர்னல் வந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று பழையதையும் மெஷின் வைத்துக்கொள்ளும். சித்தியா விடுவாள்? பழைய கெர்னலை வேரோடு பிடுங்கிப் போட்டாள். 'ஹெடர்' என்று சில ஃபைல்கள் இருந்தன. ஒரு நாளும் திறந்து பார்க்காதது எதற்கு என்று அவற்றையும் வழித்துப் போட்டாள். ஹார்ட் டிஸ்க் பளிச்சென்று ஆகிவிட்டது. மெஷினை அணைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

இப்போது ஒரு கட்டளை அடித்துப் பார்த்தாள். வைஃபை அட்டை உள்ளே இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் இல்லை என்றது மெஷின். போனில் தேடிப் படித்தாள். இந்த அட்டையின் டிரைவர் கெர்னலோடு வருவதில்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கேற்ப இங்கேயே புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். செய்ய ஹெடர் ஃபைல்கள் வேண்டும்.

"பழைய கெர்னல்ல போய்ப் பாரேன்" என்றேன்.

மறுபடி துவக்கினாள். எந்தக் கெர்னல் வேண்டும் என்று கேட்கிற பட்டியல் வந்தது. பட்டியல் என்றால் ஒரே ஒரு வரி.

"சரி, அந்த ஹெடர டவுன்லோடு பண்ணிட வேண்டியதுதானே?"

"நெட்டு வேணுமேடி."

"நெட்டுக்கு?"

"ஹெடர் வேணும்."

பீரோவைப் பூட்டி, சாவியை அந்தப் பீரோவுக்குள்ளேயே வைத்த கதை. சித்தி விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள். பயம் வந்தால் அப்படித்தான். போனிலேயே பேசிவிடலாம் என்றால் அவளுக்கு வேலை தருகிற ஏஜென்சி விடாது. சின்னத் திரையில் விரல் பிரிந்து தெரியாது. மூன்றே முக்காலுக்குள் லேப்டாப்பில் ஆஜராகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து சித்தப்பா சாப்பிட வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். தோளில் எப்போதும் ஒரு பை, அதற்குள் பாதி உலகம். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மோட்டார மாத்திட்டு பழைய போர்டையும் கழட்டி வீசிட்டா லிஃப்ட் எப்படிம்மா ஓடும்?"

"ஏங்க, நானே மணியப் பாத்துத் தவிச்சுக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

"சொன்னேன்."

"சொல்லாதீங்க."

போனிலேயே சித்தி மேலும் நோண்டினாள். எங்கோ யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். போன் வீட்டு வைஃபையில்தான் இருக்கிறது. அதை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, இணையப் பகிர்வைத் திறந்துவிட்டால் போனே வைஃபை அட்டை மாதிரி வேலை செய்யும். புதுக் கெர்னலுக்கும் இது தெரியும், எதையும் இறக்க வேண்டாம்.

"அடி சக்கை!" என்று எழுந்து ஓடி கேபிளை எடுத்து வந்து செருகினாள்.

போன் சந்தோஷமாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. அவ்வளவுதான். பகிர்வு பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. மாற்றிச் செருகினாள். துடைத்துச் செருகினாள். ஊதிச் செருகினாள்.

சித்தப்பா சோற்றுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "இது சார்ஜ் மட்டும் போற கேபிள். உள்ள ரெண்டே கம்பிதான். கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டி மாதிரி, சாப்பாடு போடும், பேசாது."

"வேற கேபிள் எங்கடி?" சித்தி என்னிடம் திரும்பினாள்.

"நீதான் போன வாரம் ஒரு வீட்டுக்கு ஒரு கேபிள் போதும்னு எல்லாத்தையும் கட்டிக் குடுத்த. நான்தான் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில போட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்ய வாயில் நாலு வரி தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். செருப்பை மாட்டினேன், கடைக்கு ஓடலாம் என்று.

சித்தப்பா இடது கையால் என்னை நிறுத்தினார். கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், பையைத் திறந்தார். ஸ்பானர், கிரீஸ் டப்பா, ஒரு பழைய லிஃப்ட் பொத்தான், இவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை உருவினார். நான் முடிச்சுப் போட்ட அதே பை. உள்ளே பின்னிப் பிணைந்து கிடந்தன அத்தனை கேபிளும்.

சித்தி பையைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். குரல் பெரிதாகவே வந்தது.

"குப்பைய வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்களா?"

"தொட்டியில கிடந்தப்ப குப்பை. என் பையில ஸ்பேர்."

"எத்தன நாளா நடக்குது இது?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து" என்றார் சித்தப்பா, பெருமையும் பயமுமாக.

சண்டைக்கு நேரமில்லை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிக்கெடுத்தோம். முதல் கேபிள் போனுக்குள் நுழையவே இல்லை. அடுத்தது சார்ஜோடு நின்றது. கறுப்பாக, கழுத்தில் நான் எப்போதோ பசைநாடா சுற்றிய ஒன்றைச் செருகியதும் போன் லேசாக அதிர்ந்து, என்ன செய்யட்டும் என்று கேட்டது. சித்தி பொத்தானை அழுத்தினாள். திரை மூலையில் சின்ன அடையாளம் ஒன்று முளைத்தது.

அவள் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியபோது கூடத்துக் கடிகாரத்தில் முள் முக்காலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

சித்தப்பா அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனார். சோபாவில் உட்கார்ந்து, போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். "யாருக்கும் போன் பண்ணிடாதீங்க சித்தப்பா, முக்கியமா சித்திக்கு. அந்த போன்லதான் இப்ப நெட்டே ஓடுது" என்றேன். போனையே அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது. சித்தி வெளியே வந்தாள். முகம், கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது, ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"என்னாச்சு?" என்றேன்.

"துணிய எடு" என்றாள்.

"மழையே இல்ல சித்தி."

"வரும்."

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, போன் வழியாகவே ஹெடர் ஃபைல்களை இறக்கி, டிரைவரைப் புதிதாகச் செய்யவிட்டு, மெஷினை மறுபடி துவக்கினாள். வைஃபை பட்டியலில் 'நாய் கடிக்கும்' வந்து நின்றது. பெயரை மாற்றச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கறுப்புக் கேபிளைக் கழற்றிச் சுருட்டினாள். சித்தப்பா பையை விரித்து நீட்டினார். அவள் அதைக் கவனிக்காதவள் போல, ஒரு பேனாவைத் தவிர வேறெதுவும் இருந்தறியாத தன் மேசை இழுப்பறைக்குள் கேபிளை வைத்து மூடினாள். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இரவெல்லாம் அவள் முகத்தைத் துருவினேன். சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், தூங்கினாள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

மறுநாள் நானாகவே சீக்கிரம் எழுந்து ரொட்டி வாங்கப் போனேன். பேக்கரியில் கூட்டம். அக்கா என்னைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இடது கையைக் கதவாக்கினாள். அதன் பின்னால் வலது கை விரல்கள் விரிந்து மூடின. விரிந்து மூடின. வேகமாக, நிறுத்தாமல். வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்தக் கணத்தில் கண்ணில் ஏதோ மாவுத்தூள் விழுந்துவிட்டது.

யாரிடமாவது சொல்லலாமா என்று சைகையில் கேட்டேன். தெருவுக்கே சொல்லு என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சித்தி கூடத்தில் நின்று, வேறு எதைத் தூக்கிப் போடலாம் என்று அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கையைக் கதவாக்கி, விளக்கை எரியவிட்டேன்.

"யாரு சொன்னா?" என்றாள் சித்தி.

"அக்காவேதான். தெருவுக்கே சொல்லச் சொல்லிட்டாங்க."

அவ்வளவுதான். நேற்று நாலு மணியிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு சித்தியின் முகமெல்லாம் பரவியது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள்: டாக்டர் திரையைத் திருப்பியது, அக்கா கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டது, விளக்கு எவ்வளவு வேகமாக எரிந்தது. வாயால் சொல்லியிருக்கலாம். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். பாதிதான் புரிந்தது என்று நானும் அவளிடம் சொல்லவில்லை.