அப்பா பாடாமல் விட்ட வரி

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் கைப்பேசியில் அப்பாவின் பாட்டு எங்கே இருக்கிறது என்பதை இடம் காட்டித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஓரத்தில் இருக்கும் படத்தைத் தொட வேண்டும். அப்பா உருமியோடு நிற்கும் படம் வரும். அதற்குக் கீழே மூன்றாவது வரி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுது சாயும்போது சாமி விளக்கை ஏற்றிவிட்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் கைப்பேசியை வைத்து, அந்த மூன்றாவது வரியைத் தொடுவார். அப்பா இறந்து நான்கு வருடங்களாக இது தவறியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, நீலாய் டவுனில் வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருந்தபோது அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்தார்.

“உங்கப்பா படத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தன் பாடுறான்டி.”

“யாரும்மா?”

“எனக்கு எப்படிலா தெரியும்? நல்லாத்தான் பாடுறான். ஆனா யாருன்னே தெரியல. நிப்பாட்டவும் தெரியல.”

“சத்தத்தக் குறைங்கம்மா. பக்கத்துல பட்டன் இருக்கும்.”

“தலகாணிக்கு அடியில வச்சிட்டு வந்துட்டேன். இங்க வரைக்கும் கேக்குது. இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருக்கான்.”

உண்மைதான். அம்மாவின் குரலுக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், ஓர் ஆண் குரல் எனக்கும் கேட்டது. வழவழப்பான, அவசரமே இல்லாத குரல். எங்கள் வீட்டில் அப்படி யாரும் பாடியதில்லை.

என் கைப்பேசியில் அதே பாட்டுச் செயலியைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் தொகுப்பில் ஆறு பாட்டுகள். ஆறின் பெயர்களும் சாம்பல் நிறமாகியிருந்தன. அப்பா நின்ற இடத்தில் வெறும் கட்டம். எதைத் தொட்டாலும் பாட்டு தாவி வேறு யாருடைய பாட்டுக்கோ போனது. இணையம் இல்லாமலும் கேட்கலாம் என்று நான் தரவிறக்கி வைத்திருந்ததற்கான அடையாளம் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் அந்தச் சாம்பல் வரிகளும் இல்லை. அப்பாவின் பெயரைத் தட்டினேன். நீங்கள் தேடுவது இவரையா என்று வேறொருவரின் பெயரைக் காட்டி என்னையே கேட்டது. சிரிக்கும் முகம், கறுப்புக் கண்ணாடி. இல்லை என்று சொல்ல அதில் வழியில்லை.

ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினார். தோட்டத்து உருமி மேளத்தில் முன்பாட்டுக்காரரும் அவர்தான். ஒரே ஒரு தடவை சிரம்பானில் ஒரு சின்ன அறையில் பாடி, கேசட்டாகப் போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டமும் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா போன பிறகு, அந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றி, இரைச்சலைத் துடைத்து, தெரிந்த கடைக்காரர் ஒருவர் மூலம் இணையத்தில் ஏற்றியவளும் நான்தான். கீழே அப்பாவின் பெயரை மூன்று மொழியில் எழுதினேன். அதன் பிறகு தீபாவளிக்கு வீடு கழுவும்போது, அந்தக் கேசட்டையும் பூஞ்சை பிடித்த மீதிப் பிரதிகளையும் பெட்டியோடு தூக்கிப் பழைய சாமான் வண்டியில் போட்டேன்.

“அப்பா இப்ப உலகம் பூரா இருக்காரும்மா. இந்தப் பெட்டி எதுக்கு?” என்றேன்.

அம்மா வண்டி திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றார்.

இணையத்தில் ஏற்றித்தந்தவரின் கடையில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. அவர் எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தச் செயலியின் நிறுவனத்துக்கு எழுதினேன். அப்படி ஒரு தொகுப்பு தங்களிடம் இருந்ததாகப் பதிவே இல்லை என்று பதில் வந்தது. அந்த வரியை நிறைய தடவை படித்தேன். நான் மாற்றி வைத்த கணினியோ படிக்கும் காலத்திலேயே மழைநீர் புகுந்து செத்துப்போனது. எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று அப்போது கவலைப்படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா விளக்கை மட்டும் ஏற்றினார். கைப்பேசி அலமாரியில் குப்புறக் கிடந்தது.

“அத எடுக்காத. அவன் வந்துருவான்” என்றார்.

தோட்டத்தை விட்டுப் போனவர்களையெல்லாம் அழைத்து, அந்தக் கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாரும் தூக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர், “நீதானே சொன்ன, போன்ல இருக்குன்னு?” என்று என்னையே கேட்டார்கள். கடைசியில் அம்மாதான் நினைவுபடுத்தினார்.

“நம்ம லோரிக்காரத் தம்பி? மேளக்காரங்கள கோயில் கோயிலா ஏத்திட்டுப் போவானே. லோரியில ஒன்னு வச்சிருந்தான்.”

அவர் இப்போது புக்கிட் பெலண்டோக்கில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும், “யுனிவர்சிட்டி அம்மா வந்துட்டாங்களா! அப்பாவப் பிடிச்சு போன்ல அடைச்சுட்டு, இப்ப காணோம்னு தேடுறீங்களாமே?” என்றார்.

“மாமா, கிண்டல் அப்பறம் பண்ணுங்க. கேசட் இருக்கா?”

“இருக்கு. ஆனா குடுக்க முடியாது.”

“ஏன்?”

“வா, காட்டுறேன்.”

வீட்டுக்குப் பின்னால் செம்பனைக் காடு. நூறடி உள்ளே, ஒரு மர நிரையின் முடிவில் அவருடைய பழைய லோரி நின்றது. சக்கரங்கள் பாதி வரை மண்ணில் இறங்கியிருந்தன. பின்தட்டில் பெரணி முளைத்திருந்தது. நடு மத்தியானம். ஆனால் மட்டைகளுக்குக் கீழே வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது.

“கேசட் லோரி டேப் ரெக்கார்டருக்குள்ளயே மாட்டிக்கிச்சு. இழுத்தா நாடா அந்துரும். அதான் லோரிய இரும்புக்கடைக்கும் போடல” என்றார். தோளில் சுமந்து வந்த பேட்டரியை இறக்கி ஒயர்களைக் கவ்வவிட்டார். “அப்பப்ப போட்டுக் கேப்பேன். இங்க குலை வெட்டுற இந்தோனேசியாக்காரனுங்க இந்த நிரைக்கு மட்டும் மத்தியானத்துல வர மாட்டானுங்க. ஆள் இல்லாத லோரி பாடுதாம்.”

முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தோம். முதலில் நாடா சுற்றும் கரகரப்பு. பிறகு அப்பா.

நான் ஏற்றிய அப்பா இல்லை. குரல் இன்னும் கனமாக, மெதுவாக வந்தது. பேட்டரி பலவீனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பின்தட்டைப் பார்த்தேன். நான் துடைத்தெறிந்த இரைச்சல் எல்லாம் அதில் இருந்தது. மூன்றாவது பாட்டு, முனியாண்டியை அழைக்கும் பாட்டு, தொடங்கி ஏறிக்கொண்டே போய், கடைசி வரிக்கு முன்னால் சட்டென்று நின்றது. உருமி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. லோரிக்காரர் வாயைக் கையால் மூடித் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. கணினியில் அதைப் பார்த்திருக்கிறேன். அப்பா வரியை மறந்துவிட்டார், அல்லது பதிவில் கோளாறு என்று நினைத்து, அந்த இடத்தை வெட்டி, இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் யாருக்கும் தெரியாது என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

“ஏன் மாமா நிறுத்துனாரு?”

“நீ கோயில்ல கேட்டதில்ல? அந்த வரியிலதான் நம்ம எல்லைச் சாமிய, நிக்கிற எடத்தோட சொல்லிக் கூப்புடுறது. கோயில்ல பாடுனா இறங்கும், கற்பூரம் காட்டி மலையேத்திருவோம். கேசட்ல பாடுனா? எவன் எந்த வீட்டுல போட்டாலும் அது வந்துதானே ஆகணும்? யாரு திருப்பி அனுப்புறது? அதான் உங்கப்பா மாட்டேன்னுட்டாரு. எடத்த மட்டும் விட்டு வச்சாரு.”

திரும்ப ஓட்டிப் போடச் சொன்னேன். இந்தத் தடவை ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்தேன். உருமிக்கு அடியில், அந்த இடம் தொடங்கும்போது, ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. அப்புறம் அது வெளியே வரவேயில்லை. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வரியின் நீளத்துக்குக் காத்திருக்கிறார். நான் வெட்டியது அதைத்தான்.

கைப்பேசியில் முழுவதையும் பதிவு செய்தேன். அன்றிரவே மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். எதையும் துடைக்கவில்லை. ஆனால் அம்மா அதைக் கேட்க மறுத்துவிட்டார்.

“போன்ல வேணாம். பாதியில வேற யாராவது வருவான். அந்த லோரி இருக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ.”

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து அழைத்துப் போனேன். லோரிக்காரர் பேட்டரியோடு காத்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கிண்டலை எல்லாம் விட்டுவிட்டு, “வாங்கக்கா” என்றார். முன்சக்கரத்தை ஒட்டி மண்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார், வண்டி வெளியூர் கிளம்பும்போது வைப்பதைப் போல.

“எங்க மாமா போகப் போகுது இது?” என்றேன்.

“வச்சுப் பழகின கை. விடு.”

அம்மாவை நடுவில் உட்கார வைத்தோம். பாட்டு ஓடியது. முதல் இரண்டு பாட்டுகளில் அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது பாட்டு ஏறி, நின்று, உருமி தனியானதும், அம்மாவின் உதடு திறந்தது. தணிந்த குரலில், அப்பாவின் ஏற்ற இறக்கத்திலேயே, அந்தக் கடைசி வரியைச் சொன்னார். சொல்லி முடித்த அதே நொடியில் அப்பா திரும்பவும் பாடத் தொடங்கினார்.

“வீட்டுல கேசட் ஓடுனப்பல்லாம் நான்தான் சொல்லுவேன், அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி” என்றார் அம்மா. “நீ போன்ல போட்டியே, அதுல எனக்கு எடமே இல்ல. வாயத் தொறக்கறதுக்குள்ள அவரு போயிருவாரு.”

“ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?”

“படிச்ச புள்ள செஞ்சது. அதுதான் சரியா இருக்கும்னு நெனச்சேன்.”

 

நாடா முடிந்து டக்கென்று நின்றது. லோரிக்காரர் இறங்கி, ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால், முன்பக்கத் தகரத்தில் கற்பூரம் ஏற்றினார். அம்மா கைகூப்பினார். எந்த மட்டையும் அசையவில்லை. சில்வண்டுகள் கூட அடங்கிக் கிடந்தன. கற்பூரச் சுடர் மட்டும் எங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

காருக்குத் திரும்பும்போதுதான் சக்கரத்தைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கி, சாறு மண்ணில் இறங்கியிருந்தது. நாங்கள் மூன்று பேர் ஏறிய பாரம், என்று உடனே எனக்குள் சொல்லிக்கொண்டேன். குனிந்து பார்த்தேன். பல வருடங்களாக மண்ணில் புதைந்து இறுகிப்போன சக்கரம் அது. என் சுண்டுவிரல் அளவுகூட அது அசைய இடமில்லை. படித்தவள் என்பதால் இன்னொரு தடவையும் குனிந்து பார்த்தேன்.

லோரிக்காரர் பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எதையும் பார்க்காதவர் போல முன்னால் நடந்தார். அம்மா நின்று, அந்தப் பழத்தைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

“அடுத்த வெள்ளிக்கு வரும்போது,” என்றார், “பாசார்ல நல்லதா ஒன்னு பாத்து வாங்கிட்டு வா.”