கிழக்கு மடையில் ஏழு கொக்குகள்

போன புதன்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் முழங்கால் தண்ணீரில் நின்றேன். பக்கத்தில் ஏழு கொக்குகள் நின்றன. யாரும் யாரிடமும் பேசவில்லை. பேச வேண்டாத கூட்டம் என்றால் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது வாரா வாரம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நான் அங்கே சுகத்துக்காகப் போகவில்லை. விரால் மீன் பிடிக்கப் போனேன்.

என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன திருப்பரங்குன்றத்துக்காரர், மாப்பிள்ளையின் அப்பா, அன்று மத்தியானம் இரண்டாம் தடவையாக வருவதாக இருந்தார். முதல் தடவை வந்தபோது மோர் கூடத் தொடவில்லை. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம். உட்காராமல் எழுந்தால்... 'யோசித்துச் சொல்கிறோம்' என்று அர்த்தம். ஏற்கெனவே இரண்டு வீட்டார் அப்படி யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த முதல் தடவை அவர் படியிறங்கும்போது, கதவுக்குப் பின்னால் இருந்து என் மனைவி சொன்னாள்: "அடுத்த தடவ கண்மாய் விராலு கொழம்பு வச்சிருவோம். சாப்புட்டுத்தான் போகணும்."

அதுவரை சிரிக்காத மனிதர் லேசாகச் சிரித்தார். "விராலா? பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' என்ற ஒரு சொல்லில் என் மகளின் கல்யாணம் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை மீன் கடைக்குப் போனேன். விரால் இல்லை. கெண்டை வாங்கட்டுமா என்று வீட்டில் வந்து மனைவியிடம் கேட்டேன்.

"விராலுன்னு சொன்ன வாயால கெண்டையப் போடச் சொல்றீகளா? தூண்டி பரண்ல சும்மாதான கெடக்கு. காலையில கண்மாய்க்குப் போங்க."

போனேன். ஆரப்பாளையத்திலிருந்து இருட்டோடு சைக்கிளை மிதித்து, திருப்பரங்குன்றத்துக்கு இந்தப் பக்கம் உள்ள கண்மாய்க்கு விடியும்போது போய்ச் சேர்ந்தேன். தண்ணீரில் விழுந்துவிடுமே என்று மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். புத்திசாலித்தனம்!

எங்கே தூண்டில் போடுவது? கொக்கு நிற்கும் இடத்தில் மீன் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேற்கே மடையான் கொக்கு ஒன்று சேற்றோடு சேறாக உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போனதும் வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்துவிட்டது. நடுவில் நின்ற சாம்பல் நாரையும் என்னைப் பார்த்ததும் கிளம்பியது. கிழக்கு மடைப் பக்கம் ஏழு வெள்ளைக் கொக்குகள் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. ஏழும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றால் அங்கே எவ்வளவு மீன் இருக்க வேண்டும்?

மெதுவாக இறங்கி, ஒற்றைக் கால்காரனுக்குப் பத்தடி தள்ளித் தூண்டிலைப் போட்டேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மீன் கடிக்கவில்லை. கொக்குகளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் என்ன பொறுமை! ஒன்று கூடக் காலை மாற்றவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயில்லா ஜீவன் நிற்கிறது, மகளைப் பெற்ற நான் நிற்கக் கூடாதா? இன்னும் ஒரு மணி நேரம் நின்றேன்.

அப்போது கரையிலிருந்த ஓலைத் தட்டிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம் நிப்பீக?"

வலையும் கையுமாக ஒரு வேட்டைக்காரர் எழுந்து நின்றார்.

"மீன் கடிக்கிற வரைக்கும்," என்றேன்.

"அங்க மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க நிக்கிறதப் பாத்துட்டு மேல போற கொக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. என் பொழப்புல மண்ணு."

"அதான் ஏழு நிக்குதே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, ஒற்றைக் கால்காரனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். மண். மேலே சுண்ணாம்பு. காலுக்கு ஒரு குச்சி. நிஜக் கொக்குகளை ஏமாற்றி இறக்குவதற்காக அவரே செய்து நட்டு வைத்தது.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க அம்புட்டுப் பக்தியா நின்னீக. ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்."

நான் படித்தது நாலாம் வகுப்பு. கொக்கைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. மண் கொக்கைப் பற்றி வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை.

வெறுங்கையோடு வீடு வந்தேன். நடந்ததைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வாரா வாரம் ஊருக்கெல்லாம் புத்தி எழுதுறீக. கொக்குக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியல." சொல்லிக்கொண்டே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைக் கூட்டினாள். அது நல்ல குழம்புதான். ஆனால் விரால் இல்லையே?

மத்தியானம் ஜட்கா வண்டி வந்து நின்றது. அவர் வந்து உட்கார்ந்தார். மூக்கை லேசாக உயர்த்தினார். மீன் வாசனையைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"விராலு கெடைக்கலயோ?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்ல நாலு வார்த்தை சரளமாகப் பேச வேண்டும். எனக்கு அது வராது. தரையைப் பார்த்தபடி உள்ளதைச் சொல்லிவிட்டேன்... மண் கொக்கு, இரண்டு மணி நேரம், வேண்டுதல் எல்லாவற்றையும்.

அவர் சிரிக்கவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவ்வளவுதான், எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"கெழக்கு மடைதான? ஒத்தக் கால்ல ஒண்ணு நிக்குமே?"

"ஆமா."

வாசலில் ஜட்காக்காரன் கேட்கிறானா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"போன வருசம் நான் மூணு நாள் நின்னேன், சம்மந்தி. எங்க வீட்டுல இன்னிக்கு வரைக்கும் தெரியாது." பிறகு குரலை உயர்த்தினார்: "நேரமாச்சுல்ல, எலையப் போடச் சொல்லுங்க."

புளிக்குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

நாலு பேர் பொறுமையாக நிற்கும் இடத்தில் ஏதோ கிடைக்கிறது என்று நம்பி நாமும் போய் நிற்கிறோம். முன்னால் நிற்பவர் நிஜமா, மண்ணா என்று யார் தொட்டுப் பார்க்கிறோம்? இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. ஆனால் நம்மைப் போலவே இன்னொருவரும் அங்கே நின்றிருக்கிறார் என்று தெரியும்போது ஏற்படும் ஆறுதல் இருக்கிறதே... அது விரால் குழம்பில் கிடையாது.

தை மாதம் கல்யாணம். வேட்டைக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. அந்த ஒற்றைக் கால்காரனையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். பந்தியில் அவன் பக்கத்தில் யார் முதலில் போய் உட்காருகிறார் என்று பார்க்க வேண்டும்.