ஆற்றைத் தாண்டி வந்த கேரல்

காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டப்போகிறார்கள் என்றதும், ஒயிட்ஃபீல்டு தாண்டி, தென்பெண்ணைக்கு அக்கரையில் ஒரு பிளாட் வாங்கிக் குடிபோனோம். மழை பெய்தால் அந்த ஆறு சோப்பு நுரையாகப் பொங்கும். பாலத்தைத் தாண்ட வேண்டும் என்றால் டாக்சிக்காரர்கள் பாதிப் பேர் ட்ரிப்பை கேன்சல் செய்துவிடுவார்கள். அவர்களாவது முகத்துக்கு நேரே செய்கிறார்கள். சொந்தக்காரர்கள் வருகிறோம் வருகிறோம் என்றே ஒரு வருஷத்தை ஓட்டினார்கள்.

என் மனைவி சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற நடுக்குரல் பாடுகிறவள். டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ். குழு டெம்போவில் ஏறி, ராத்திரி வீடு வீடாகப் போய்ப் பாடும். கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு வருஷமும் விட்டதில்லை. இந்த முறை ராத்திரியில் வீடு திரும்ப வழியில்லை என்று விலகிக்கொண்டாள். போகட்டும், நம் வீட்டுக்கு அவர்கள் வருவார்களே என்று வாசலில் நட்சத்திரம் கட்டினாள். டப்பா நிறையக் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் பொரித்து வைத்தாள்.

அப்புறம் குழுத் தலைவர் போன் செய்தார். ராத்திரியில் ஆற்றைத் தாண்டி வருவது கஷ்டம் என்றார். பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்ததும் கல்கல் டப்பாவைக் கீழ்வீட்டில் கொடுத்துவிடச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

டப்பாவைக் கொடுத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் அந்தத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"ஆத்தத் தாண்டிட்டா நாங்க வேற சபையா தம்பி? சாவுக்காவது வருவீங்களா?"

கொஞ்சம் அதிகம்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"நைட்ல முடியாதுண்ணா. சனிக்கிழமை காலைல வர்றோம். அக்காகிட்ட சொல்லாதீங்க."

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்ததும் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் குழு முழுக்க நின்றது; வெயிலில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவருக்கு வியர்த்து வழிந்தது. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, நிச்சயதார்த்தமா என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார்.

வீட்டார் உள்ளே நிற்க, குழு வாசலில் நின்று பாடுவது வழக்கம். பாட்டு தொடங்கியது. எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. எனக்கே தெரிந்தது, நடுவில் ஒரு குரல் குறைகிறது என்று. இரண்டாவது சரணம் வரைக்கும்தான் அவளால் பொறுக்க முடிந்தது. நைட்டியின் மேல் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் வெளியே போய் அவர்களோடு நின்று பாட ஆரம்பித்தாள்.

உள்ளே கேட்பதற்கு நான் ஒருவன்தான் மிஞ்சினேன். அவள் போனபோது யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. வரிசையில் அவள் இடத்தை விட்டுவைத்துத்தான் அதுவரை பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.