பக்கவாட்டில் பார்த்த காவல் தெய்வம்

பேர்லின் அருங்காட்சியகத்தின் அசீரிய மண்டபத்தைத் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்கள். ஓய்வூதியக்காரர்களுக்கு மழைக்கு ஒதுங்க ஓரிடம் குறைந்தது. எனக்கு நட்டம் கொஞ்சம் கூட: எங்கள் கலியாணம் நடந்த இடம் அது.

பதிவு ஏற்கெனவே முடிந்திருந்தது. ஜேர்மன் அரசு எங்களைக் கணவன் மனைவி என்று முத்திரை குத்தி ஒப்புக்கொண்டது. மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. சாமி பார்க்கத் தாலி ஏறும்வரை தமக்கை வீட்டில்தான் இருப்பேன் என்றாள். அப்போது பக்கத்தில் கோயில் இல்லை. வேறு நகரத்துக்குப் போவதென்றால் அகதி விண்ணப்பக்காரருக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், அன்ட்ராக் கொடுக்க டெர்மின் என்கிற முன்பதிவு நேரம். நடைமுறை முழுவதும் எனக்கு மனப்பாடம். அதனால்தான் நம்பிக்கை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அந்த மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். அரண்மனைச் சுவரிலிருந்து பெயர்த்த கற்பலகையில் ஆளைவிட உயரமாக ஒருவர்: முதுகில் சிறகு, சுருள் தாடி, ஒரு கையில் சிறு வாளி, உயர்த்திய மற்றக் கையில் கூம்பு போல ஒன்று.

"தீர்த்தம் தெளிக்கிறார். அரசனுக்கே காவல் தெய்வம். வேற என்ன வேணும்?" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "தாடியை எவ்வளவு வடிவா சீவி இழுத்து வச்சிருக்கிறார். நீங்கள் இண்டைக்கும் தலை இழுக்கேல்ல." பிறகு முகம் வாடியது. "ஆனா எங்களைப் பாக்கேல்லையே. அங்கால எல்லோ பாக்கிறார்."

உண்மைதான். புடைப்புச் சிற்பம், முகம் பக்கவாட்டில். முன்னால் நிற்பவரைக் கவனிக்காத அந்தப் பார்வை எனக்கு அரசாங்கக் கந்தோர்களில் பழக்கமானது.

"அப்ப அவர் பாக்கிற இடத்துக்குப் போவம்," என்றாள்.

அது அவசர வழிக் கதவடி. அங்கே நிற்கக் கூடாதென்ற விதி எனக்கும் தெரியும், காவலுக்கு இருந்த ஜேர்மன் அம்மாவுக்கும் தெரியும். எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"சிற்பத்தைத் தொடுவீர்களா?"

"இல்லை."

"நெருப்பு?"

"இல்லை."

"அப்படியானால் கதவை மறைக்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள்."

தள்ளி நின்றோம். கூம்பு எங்கள் தலைக்கு நேரே வந்தது. அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினாள். கயிற்றைக் கட்டினேன், முடிச்சு சற்றுக் கோணலாக விழுந்தது. காவல் அம்மா அக்கறையாக வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி சிறகுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள், சப்பாத்தைப் போட்டாள்.

"வாங்கோ, வீட்ட போவம்," என்றாள்.

என் ஒற்றை அறையை அதுவரை ஒருவரும் வீடு என்று சொன்னதில்லை.