சீனப் பிள்ளைகளுக்காக அடித்த நோட்டீஸ்

எண்பத்தொன்பதாம் வருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் அச்சகம் இருந்தது. பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். காலால் மிதிக்கிற ஒரு மெஷின், ஈய எழுத்துகள் நிரம்பிய சில பெட்டிகள், நானும் என் வீட்டுக்காரரும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று வேலை வரும். நான் அச்சுக் கோப்பேன், அவர் மெஷினை மிதிப்பார். எங்கள் பெண் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் சிமெண்ட் ஆலையில் வாட்ச்மேனாக இருந்த ஒருவர் வந்தார். செட்டிகுளத்துக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். அறுபத்திரண்டில் சீனாவோடு நடந்த சண்டையில் பனியில் கிடந்து இடது கால் விரல்களை இழந்தவர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்து, பிறகு பேப்பர் படிக்க வருவது வழக்கமாகிவிட்டது. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

அன்றைக்கு அவர் உட்காரவில்லை. சீனத் தலைநகரில் ஜனநாயகம் கேட்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்த மாணவர்களைப் பட்டாளம் சுட்டுத் தள்ளிய செய்தியை மேஜையில் விரித்து வைத்தார்.

"ஒரு நோட்டீஸ் அடிக்கணும் தம்பி. பஸ் ஸ்டாண்டு முன்னாடி சாயங்காலம் ஒரு மணி நேரம் நிக்கப்போறோம். கண்டனக் கூட்டம்னு கூட வேணாம். சும்மா நிக்கிறது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

நோட்டீஸ் என்றாலே எனக்குப் பயம். அதற்குக் காரணம் இருந்தது. நெருக்கடி நிலை காலத்தில், கல்யாணமான புதிதில், ஒரு நோட்டீஸ் அடித்ததற்காகத்தான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திருச்சி ஜெயிலிலிருந்து திரும்பி வந்தவர் பழைய மனுஷராக இல்லை. வாசலில் ஜீப் நின்றால் போதும், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். போதாததற்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்து ரயிலைக் கவிழ்த்ததிலிருந்து எங்கள் ஊரில் போலீஸ் எந்த நோட்டீஸையும் சும்மா விடுவதில்லை. யார் அடித்தது, யார் கொடுத்தது என்று அச்சகத்துக்கு வந்து நிற்பார்கள்.

"ஏண்ணே, உங்க காலை வாங்குனது அவனுங்கதானே? அவனுங்களுக்காகவா நீங்க நிக்கப்போறீங்க?" என்று கேட்டேன். அவரை மடக்கி அனுப்பிவிடலாம் என்ற எண்ணம்.

அவர் கோபப்படவில்லை. "எங்களைச் சுட்டது அந்தப் பட்டாளம்மா. இப்ப இந்தப் பிள்ளைங்களைச் சுட்டதும் அதே பட்டாளந்தான். இந்தப் பிள்ளைங்க யாரைச் சுட்டுச்சுங்க?"

அவரே தொடர்ந்தார். "நான் காவல் காத்தது வெறும் மலையும் பனியும் இல்லை. நம்ம ஊருல பிடிக்காதவனை ஓட்டுப் போட்டு இறக்குறோமே, அதையுந்தான் காத்தேன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன். அதைக் கேட்டதுக்குக் கொன்னுருக்கான். நான் பேசாம இருந்தா என்ன பட்டாளத்துக்காரன்?"

என் வீட்டுக்காரர் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவர் ஜெயிலில் இருந்தபோது, அம்மா வீட்டில் ரேடியோவை மெதுவாக வைத்து வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தி கேட்டது நினைவுக்கு வந்தது. எங்கேயோ லண்டனில் சிலர் நம் நாட்டு ஜெயில்களில் இருக்கிறவர்களுக்காக ஊர்வலம் போனதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. அரியலூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. ஆனாலும் அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

"ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் செய்யணும். ஒளிஞ்சு மறைஞ்சு எதுவும் வேணாம்" என்று மட்டும் சொன்னேன்.

நானும் வாட்ச்மேன் அண்ணனும் ஸ்டேஷனுக்குப் போனோம். என் வீட்டுக்காரரை அந்த வாசலுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. அங்கே எங்களை வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் கூப்பிட்ட சப்-இன்ஸ்பெக்டர் நாங்கள் எழுதிக்கொண்டு போனதை இரண்டு தடவை படித்தார்.

"சீனாவுக்கும் அரியலூருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"அப்புறம்?"

"சம்பந்தம் இருக்கிறவங்க அங்க வாயைத் திறக்க முடியலீங்க. அதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு பின்னாடி இருக்கா? எந்தக் கட்சி? பாலத்துல குண்டு வெச்சவங்க கூட்டமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். வாட்ச்மேன் அண்ணன் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் காட்டினார். "அறுபத்திரண்டுல, சீனா பார்டர்ல" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். "மைக் கூடாது. ரோட்டை மறிக்கக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா அச்சகத்தைத்தான் முதல்ல பூட்டுவேன்" என்றார்.

அந்த நோட்டீஸை நானே கோத்தேன். கல்யாண சீசன் முடிந்திருந்த நேரம். எங்களிடம் இருந்த 'ஜ' எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. 'ஜனநாயகம்' என்ற சொல் மங்கலாகவே விழுந்தது. அடியில் அச்சகத்தின் பெயர் போட வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு வரியைக் கோக்கும்போது பெண்ணின் முகம் கண்ணுக்கு வந்தது. பூட்டிவிட்டால் அவளை எப்படிப் படிக்க வைப்பது என்று நினைத்துக்கொண்டேதான் முடித்தேன்.

குறித்த சாயங்காலம் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல்படி வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். எதிரே ஜீப் நின்றிருந்தது. முகமெல்லாம் வியர்த்து வழிந்தது.

"என்னால ஆகலை" என்றார்.

"நீங்க பாப்பாகூட இருங்க. நான் போறேன்."

"நீயா?"

"கோத்தது நான்தானே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கூட்டம் என்று சொல்லுமளவுக்கு யாரும் வரவில்லை. ஆலையில் வேலை பார்க்கிற சிலர், ஒரு ஹோமியோபதி டாக்டர், காலேஜில் படிக்கிற இரண்டு பையன்கள், வாட்ச்மேன் அண்ணன், நான். பெண் என்று நான் ஒருத்திதான். ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு ஆள் கிட்டே வந்து, "நம்ம எடத்தைப் புடிச்சு வெச்சிருக்கான் சீனாக்காரன். அவனுக்குப் பரிஞ்சு நிக்கிறீங்களே, நீங்கள்லாம் இந்த நாட்டுல பொறந்தவங்கதானா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கல் வந்து என் காலடியில் விழுந்தது. யார் எறிந்தது என்று தெரியவில்லை. மஃப்டியில் நின்ற போலீஸ்காரர் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

பேசுவதற்கு டாக்டரைத்தான் நினைத்திருந்தோம். அந்தக் கல்லைப் பார்த்ததும் அவர் பின்வாங்கிவிட்டார். நோட்டீஸை நான் வாங்கிப் படித்தேன். படித்து முடித்த பிறகு, நோட்டீஸில் இல்லாததை ஒன்று சொன்னேன். "இந்த நாட்டுல பொறந்ததாலதான் இங்க நிக்க முடியுது. அங்க நின்ன பிள்ளைங்க செத்துப்போச்சு." கேள்வி கேட்டவர் அதை ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஜீப் எங்கள் வாசலுக்கு வந்தது. விசாரணை என்று சொல்லி என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போனார்கள். படித்தது நான் என்று சொன்னேன். அச்சகம் அவர் பெயரில் இருக்கிறது என்றார்கள். அன்று பகல் முழுக்க நான் பட்டதை எழுத முடியாது. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் அண்ணன் வேலைக்குப் போகாமல் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் காத்துக்கிடந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் இருவரும் நடந்து வந்தார்கள். என் வீட்டுக்காரர் களைத்திருந்தார். தன்னை யாரும் அடிக்கவில்லை என்று முதலில் சொன்னார். பிறகு, "இந்தத் தடவை நிமிர்ந்து நின்னு, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்" என்றார். ஜெயிலுக்குப் போய் வந்த இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தும் பேசிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகும் பயம் போகவில்லை. அன்று பெயர் எழுதிய அதே மஃப்டி போலீஸ்காரர் அவ்வப்போது அச்சகத்துக்கு வந்து என்ன அடிக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போவார். அவர் தலை தெரிந்தாலே நான் அச்சுக் கோப்பதை நிறுத்திவிடுவேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வந்தபோது நான் தனியாக இருந்தேன். மெஷினில் இருந்த காதுகுத்துப் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தார். போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அந்த டாங்கிங்களுக்கு முன்னாடி ஒத்த ஆளா ஒருத்தன் பையோட நின்னானே, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அவன் என்ன ஆனாம்மா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலீங்க சார்" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு, மழை விடும்வரை வாசலில் நின்றிருந்துவிட்டுப் போனார்.