மாசி மகத்துக்கு லீவு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், பழங்குடி, ஆதிதிராவிடர் பெண்களுக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கி, நர்ஸ் உதவியாளர் பயிற்சி வைத்தது. பத்து மாதம் படிப்பு. முடித்தால் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. பத்தாவது முடித்துவிட்டு ஆர்.கே.பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த எனக்கும் இடம் கிடைத்தது. இருபது பேரில் இருளர் பெண் நான் ஒருத்திதான்.

திருத்தணிக்கு வெளியே, வயலை ஒட்டின வாடகைக் கட்டடத்தில் வகுப்பு. சொல்லிக்கொடுத்த மிஸ் எங்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய் பிரஷர் பார்க்க வைப்பார். என் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஆட்கள், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினார்கள். காதில் குழாயை மாட்டிக்கொண்டு, சத்தம் எங்கே தொடங்குகிறது என்று மூச்சைப் பிடித்தபடி கேட்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் வகுப்பு கிடையாது. காவடிக் கூட்டத்தில் பஸ்ஸே உள்ளே வர முடியாதபோது நாங்கள் எங்கே வருவது? யாரும் யாரிடமும் லீவு கேட்கவில்லை. சாமி விசேஷம் என்றால் தானாக மூடிவிடுவார்கள் என்று அன்றைக்கே என் மண்டையில் ஏறிவிட்டது.

அப்புறம் மாசி மகம் வந்தது. எங்களுக்கு அதுதான் பெரிய திருவிழா. எங்கெங்கோ இருக்கிற இருளர்களெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவோம். சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு, விடியற்காலையில் மணலில் ஏழு படிக்கட்டு பிடித்து, கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட எங்கள் சாமி கன்னியம்மாவைக் கூப்பிடுவோம். காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். அந்த நாட்களில் எங்கள் குடியிருப்பில் நாய்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

கிளம்பும்போது நைனா மட்டும் கேட்டார். "லீவு சொல்லிட்டியா?"

"அன்னிக்குப் போயி யாரு நைனா தெறந்து வெச்சிகினு இருப்பாங்க?"

"ஆங், அதுவும் சரிதான்."

ஊர் உலகமே அன்றைக்குக் கடற்கரையில் இருக்கும் என்று நம்பிய இரண்டு மேதைகள் நாங்கள்.

நான்கு நாள் கழித்து, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கேட்டருகே பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். "மூணு நாள் வரலன்னா பேரு அடிச்சிடுவாங்கன்னு தெரியாதா? உன் பேர அடிச்சாச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க வேற நேத்து வந்து ஆள் எடுத்துகினு போய்ட்டாங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் ஆட்களுக்குப் பாம்பைப் பிடிக்கக் கை நடுங்காது, ஆபீஸ் படி ஏறத்தான் கால் நடுங்கும். அடிச்சாச்சு என்றால் அடிச்சாச்சு. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். எதிரில் யார் கையை நீட்டிப் பேசினாலும் என் கண் முழங்கையின் உள்பக்கம்தான் போகும். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்று இருக்கும். சென்னை ரயில் புறப்படுவதைப் பார்த்தால் கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றுகொண்டிருப்பேன். கோபமும் வரும், யார்மேல் என்றுதான் தெரியாது.

ஏழெட்டு வருடம் போயிருக்கும். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் காட்டிவிட்டுத் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, மிஸ்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார்.

"எங்கம்மா போய்ட்ட நீ?"

கடற்கரைக்குப் போனதையும், ஆயா சொன்னதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆபீசருங்க வந்து பாப்பாங்கன்னு அடிச்சேன், அதுவும் பென்சில்லதாம்மா. உன்ன பத்திச் சொல்லி ஆஸ்பத்திரில ஒரு எடம் வெக்கச் சொன்னேன். ஒரு வாரம் வெச்சிகினு இருந்தாங்க. ஆள் அனுப்பலாம்னு பாத்தா, உன் அட்ரஸ்ல ஏரிக்கரைன்னு மட்டும் எழுதியிருந்துச்சி. எந்த ஏரின்னு தேடறது? இன்னிக்கு வருவ, நாளைக்கு வருவன்னு கேட் பக்கமே பாத்துகினு இருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் ஏறிக்கொண்டார். அந்த ஒரு வாரம் நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்குப் பின்னால், இரண்டு வயல் தள்ளிக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் சாப்பாட்டு மணி அடித்ததெல்லாம் எனக்குக் கேட்டது.